நாளிதழில் பின் அடிக்காதீர்கள்

காலையில் சென்னையின் கிளை நூலகம் ஒன்றின் கதவு திறந்ததும் முதலில் நுழைவது பெரியவர்கள்தான். நடை முடித்த கையோடு வருவார்கள். சிலர் கையில் பால் பை இருக்கும். கேள்வி ஒன்றுதான்: "பேப்பர் வந்தாச்சா?"

16 பக்க நாளிதழ் என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய 4 தாள். கலைந்து போகக் கூடாது என்று நடுமடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தலைப்பை மட்டும் மேய்ந்துவிட்டுப் போவார்கள். பின் அடிக்காமல் விட்டால் நான்கு பேர் படிக்கலாம். ஆனால் பதினோரு மணிக்குள் வேலைவாய்ப்பு விளம்பரத் தாள் மாயமாகிவிடும். இதற்குச் சரியான வழி, வந்தவுடன் நான்கு தாளிலும் மேல் மூலையில் நூலக முத்திரை குத்தி, 1/4, 2/4 என்று பேனாவால் எழுதி, பிரித்தே மேசையில் போடுவது. வேலைவாய்ப்புப் பக்கத்தை மட்டும் அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். ஜன்னலோரம் சாய்மேசை ஒன்று, அதில் நூல் கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால், கண்புரை உள்ளவர்களும் அரைமணி நேரம் நிம்மதியாகப் படிப்பார்கள். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

'பொது நூலகம்' என்று வாசலில் பலகை மாட்டுவது எளிது. உள்ளே யாருக்கு இடம் கிடைக்கிறது, யார் வந்த வேகத்தில் திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் பின், பசை, நாற்காலி, எழுத்துக்கூட்டல் மாதிரி சில்லறைச் சமாச்சாரங்களில்தான் இருக்கிறது. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

பத்து மணிக்கு மேல் கூட்டமே மாறிவிடும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, காவலர் தேர்வு என்று படிக்கிற இளைஞர்கள் வருவார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் இங்கே பையைப் போட்டு நாற்காலி பிடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது எட்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க இந்த நகரத்தில் வேறு இலவச இடம் எங்கே இருக்கிறது? ஆனாலும் பை மட்டும் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு விதி வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் ஆள் இல்லையென்றால் பை கவுன்ட்டருக்குப் போகும் என்று எழுதி ஒட்டி, முதல் வாரம் தயங்காமல் செய்துவிட்டால் போதும். இரண்டாம் வாரத்திலிருந்து அவர்களே ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொள்வார்கள். பிளக் பாயின்ட் உள்ள மேசையையும் மின்விசிறிக்கு நேர்க்கீழான மேசையையும் ஒன்றாகவே அமைத்துவிடாதீர்கள். பகல் முழுக்க அந்த மேசைக்கு மட்டும் போட்டி நடக்கும், மற்றவை காலியாகக் கிடக்கும்.

இவர்களுக்கு என்ன வாங்கி வைக்கலாம் என்ற விஷயத்தில் பல நூலகங்கள் சறுக்குகின்றன. அலமாரி நிறைய கைடுகள் இருக்கும்; பள்ளிப் பாடநூல் இருக்காது. குரூப் 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில் கேட்கப்படுவது. 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து. ஆறாம் வகுப்பு முதலான தமிழ்ப் பாடநூல்கள்தான் அடித்தளம். அவற்றில் ஒவ்வொன்றிலும் ஐந்து படி இருந்தாலும் பற்றாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டின் இப்போதைய பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் இரண்டு கட்டமாக வந்தவை. அதற்கு முந்தையவையும் அதே அலமாரியில் கலந்து நிற்கும். இரண்டிலும் வகுப்பு எண் ஒன்றுதான், உள்ளடக்கம் வேறு. முதுகில் சிவப்பு வில்லை ஒட்டிப் 'பழைய பாடம்' என்று எழுதாவிட்டால், யாரோ ஒருவர் மூன்று மாதம் தவறான புத்தகத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

இனி மொழிகள். சென்னை ஒருமொழி நகரமாக என்றைக்கும் இருந்ததில்லை. திருவல்லிக்கேணியில் உருது, 1927இல் தொடங்கிய 'தி முசல்மான்' நாளிதழைக் கையெழுத்துக் கலைஞர்கள் எழுதியே அச்சிட்ட தெரு அங்கேதான் இருக்கிறது. சௌகார்பேட்டையில் குஜராத்தியும் மார்வாடியும் இந்தியும். தெலுங்கும் மலையாளமும் இல்லாத பேட்டை இல்லை. கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த பிகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் இப்போது எல்லாப் பகுதியிலும் வாடகைக்கு இருக்கிறார்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு வகைப்படுத்தும் டியூயி முறையில் அடுக்கினால் தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812, கன்னடம் 894.814, தெலுங்கு 894.827. பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் ஒரே அலமாரியில் வந்துவிடும். உருது இலக்கியம் 891.439, இந்தியோடு போய்விடும். எண் போடுவது பிரச்சினை இல்லை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் நூலகத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. நன்கொடையாக வந்த தெலுங்குப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் பீரோவின் மேல் இரண்டு வருடம் கிடப்பது சோம்பலால் அல்ல. சேர்க்கைப் பதிவேட்டில் தலைப்பு எழுத வேண்டும், எழுத ஆள் கிடையாது. வாசகர் வட்டத்தில் அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டில் தலைப்பு, ஆசிரியர், கதையா கட்டுரையா என்ற மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கச் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறு புத்தகம் தாண்டிவிடும். மீதியை ஊழியர் பார்த்துக்கொள்வார்.

உருதுப் புத்தகத்தில் ஒரு தனிச் சங்கடம். அது வலமிருந்து இடமாகத் திறப்பது. நம் கை பழக்கப்படி இடப்பக்க அட்டையைத் திறந்தால் வருவது கடைசிப் பக்கம். தவணைத் தேதிச் சீட்டை நாம் வழக்கமாகக் கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறவர்கள் என்றால், அது உருதுக்காரருக்குத் தலைப்புப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். புத்தகம் நம்முடையது என்று அடையாளம் காண, எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில், உதாரணமாக 25இல், எண் குத்துவோம்; அந்த 'ரகசியப் பக்கத்தில்' குத்தும்போதும் இதே குழப்பம். பக்க எண்களும் பெரும்பாலும் உருது இலக்கத்தில் இருப்பதால் 25ஆம் பக்கம் எது என்று தெரியாது. அந்த இலக்கங்கள் பத்தையும் ஒரு அட்டையில் எழுதி முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. முதுகுச் சீட்டை வழக்கம்போல் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே ஒட்டலாம். எது அடி என்பதை மட்டும் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தலைகீழாக நிற்கும் புத்தக வரிசையைப் பார்க்கிற வாசகர் எதுவும் சொல்ல மாட்டார். மறுபடி வரவும் மாட்டார்.

புத்தகம் வாங்கப் பணமில்லை என்றால் அந்த மொழியில் ஒரு நாளிதழ் போடுவதுதான் மலிவான முதல் அடி. அதற்கு ஆள் வருகிறதா என்று மூன்று மாதம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகலாம்.

கிளையில் இல்லாத பிறமொழி நூலைத் தேடுகிறவரை எழும்பூர் கன்னிமாராவுக்கு அனுப்புங்கள். 1896இல் திறந்த அந்த நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பெற வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. வெளியாகி 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். எல்லோரும் அனுப்பிவிடுவதில்லை. இருந்தாலும் ஒடியாவோ வங்காளியோ சென்னையில் தேட நியாயமான இடம் அதுதான்.

கணினிப் பட்டியல் வந்ததும் தேடல் சுலபமாகிவிட்டது என்று நினைப்போம். தமிழ் நூல்களுக்கு அது பாதி உண்மை. பல பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. 'ழ' ஓரிடத்தில் இசட்-எச், இன்னோரிடத்தில் ஒற்றை எல், வேறிடத்தில் இரட்டை எல். 'த' வருகிற இடத்தில் டி மட்டுமா, டி-எச்சா என்பது தட்டச்சு செய்தவரின் ஊரைப் பொறுத்தது. ஆகவே 'இல்லை' என்று திரை சொன்னால் நம்பாதீர்கள். தலைப்பில் இப்படிப் பிரச்சினை தராத ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள்; அதுவும் பலிக்காவிட்டால் பதிப்பகத்தின் பெயரைப் போடுங்கள்.

ஆசிரியர் பெயர் இன்னொரு குழி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து அப்பாவுடையது, சில சமயம் ஊருடையது. மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒருவர் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளிப் பெயரை முன்னால் போடுவார், அடுத்தவர் அப்படியே எழுதுவார். ஒரே எழுத்தாளர் பட்டியலில் மூன்று பேராக நிற்பார். பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு தலைப்பெழுத்து என்று ஒரு வழக்கத்தை முடிவு செய்து, அதைச் சுவரில் ஒட்டி, ஆள் மாறினாலும் மாற்றாமல் இருப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

பார்வையற்ற வாசகர்களுக்கான ஏற்பாடு என்றதும் பிரெய்ல்தான் நினைவுக்கு வரும். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கெனத் தரைத்தளத்திலேயே தனிப் பிரிவு வைத்தது நல்ல முடிவு; லிஃப்ட் பழுதானாலும் பாதிப்பில்லை. கிளை நூலகத்துக்குப் பிரெய்ல் நூல்கள் வந்தால் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாள் கெட்டியானது, பக்கம் பெரிது. சாதாரண நாவல் ஒன்றே பல தொகுதிகளாக வரும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினால் எடையில் கீழே உள்ளவற்றின் புள்ளிகள் தேய்ந்து மழுங்கும், விரலுக்கு எழுத்து அகப்படாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அதுவும் நெருக்காமல். கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தலைப்பு தெரிய வேண்டுமே என்று முன்னட்டையில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அது பிரெய்ல் தலைப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஒட்டுமுன் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

இளைய வாசகர்களில் பலர், கணினித் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பழகியவர்கள். இலவச மென்பொருளான என்விடிஏ ஒரு பழைய கணினியிலும் ஓடும், தமிழையும் படிக்கும். சிக்கல் கோப்பில் வரும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கு வெறும் படம், வாயே திறக்காது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பென்றால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பிக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பதிப்புரிமை பயமா? 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை லாபநோக்கின்றி மாற்றித் தருவதற்குப் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. இந்த விவரம் தெரியாமலே 'முடியாது' என்று சொல்லி அனுப்புகிற இடங்கள் நிறைய.

சாய்தளத்தைப் பற்றி ஒரு கணக்கு. வாசலில் ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற அளவில் 18 அடி சாய்தளம் வேண்டும். சென்னைக் கிளைகளின் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் 18 அடி எங்கே இருக்கிறது? ஆறடியில் ஒன்றைக் கட்டிப் புகைப்படம் எடுத்துவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி தானாக ஏறாது, இறங்கும்போது கவிழும். நீளம் இல்லையென்றால் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு திருப்பம் கொடுத்துக் கட்ட வேண்டும். திருப்பத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். உள்ளே அலமாரிகளுக்கு இடையே மூன்றடியாவது விட்டிருந்தால்தான் ஏறி வந்ததற்கு அர்த்தம்.

குழந்தைகளுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. படப் புத்தகத்தை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய வையுங்கள், மூன்றடிக்கு மேல் எதையும் வைக்காதீர்கள், கிழிந்தால் திட்டாதீர்கள். பெண்கள் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளையும் வாசல் விளக்கையும் முதலில் பார்க்கட்டும்.

உறுப்பினர் ஆவதற்குக் காப்புத்தொகையும் சந்தாவும் சொற்பம்தான். தடை விலாசச் சான்றில் வரும். ஆதாரில் பாட்னா விலாசம் இருப்பவருக்குப் புத்தகம் வீட்டுக்குக் கொடுப்பதில் தயக்கம் இருப்பது புரிகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்து படிக்க எந்த அட்டையும் தேவையில்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. வாசலில் இந்தியிலும் வங்காளியிலும் ஒரு வரி எழுதி ஒட்டலாம்.

பணம் யாருடையது என்று கேட்டால், நம்முடையதுதான். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அந்த வரி இருக்கும். வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அது ஒளிந்திருக்கிறது, பாட்னாக்காரருடையதிலும்.

ஆகவே வேண்டிய புத்தகத்தைக் கேளுங்கள். பரிந்துரைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. மேசையில் தெரியாவிட்டால் கேட்டு வாங்கி எழுதுங்கள். 'நல்ல தெலுங்கு நாவல்கள் வாங்கவும்' என்று எழுதினால் நடக்காது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண், இவ்வளவும் இருந்தால்தான் ஆணை போடுகிறவரால் அதை அப்படியே எடுத்தெழுத முடியும். ஒரே புத்தகத்தை நான்கு பேர் தனித்தனித் தேதியில் எழுதினால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கிளைகளுக்கு அன்று விடுமுறை.