வாய் சொன்ன பிறகு கை எழுதட்டும்: வேதாகமக் கதைகளோடு எழுதப் பழக்குதல்

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எழுத்துப் பயிற்சிக்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் வேதாகமத்தைத்தான். கதை பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் ஐந்தரை வயதுப் பிள்ளையிடம் நோட்டை நீட்டி "நோவா கதையை எழுது கண்ணு" என்றால் பென்சில் நகராது. கதையை மறந்ததால் அல்ல, ஒரே நேரத்தில் நான்கு வேலை தலையில் விழுவதால். எழுத்தின் வடிவத்தைக் கை போட வேண்டும். என்ன சொல்வதென்று மனம் அடுக்க வேண்டும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்க வேண்டும். அதற்கு மேல், பழைய மொழிபெயர்ப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். இவற்றைப் பிரித்துத் தனித்தனியாகப் பழக்கி, எட்டு ஒன்பது வயதில் சேர்த்துக் கட்டினால் வேலை நடக்கிறது.

கையிலிருந்து தொடங்குவோம். நாலரை வயதில் நோட்டு வேண்டாம். ஓர் அடி அகலத் தாம்பாளமும் கால் கிலோ ரவையும் போதும். அரிசியில் எழுதினால் கோடு உடனே மூடிக்கொள்ளும், மைதா விரலில் ஒட்டும், உப்பு நகக்கண்ணில் காயம் இருந்தால் எரியும். தட்டின் அடிப்பக்கம் அடர்நிறமாக இருந்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் கிடையாது. பிறகு சிலேட்டும் பலப்பமும். அதன்பின் இரட்டைக் கோடு நோட்டு, 2பி பென்சில். எச்பி-யில் கோடு மங்கலாக விழுவதால் பிள்ளை அழுத்துகிறது, அரைப் பக்கத்தில் விரல் வலிக்கிறது.

அ, ஆ, இ, ஈ வரிசையில் எழுதத் தொடங்க வேண்டியதில்லை. சொல்லிப் பழக அந்த வரிசை நல்லது, ஆனால் எழுத 'இ'யும் 'ஈ'யும் கடினம். ட, ப, ம, ய, ர என்று நேர்கோட்டு எழுத்துகளைப் பிடித்தால் மரம், படம் இரண்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஏதேன் தோட்டத்தை வரைந்து அதன் அடியில் 'மரம்' என்று எழுதுவதே முதல் பாடம். அடுத்து ஆடு, படகு, ஆறு, புறா. இந்த நான்கிலும் உகரம் ஒளிந்திருக்கிறது. தமிழில் உகரக் குறி ஒரே மாதிரி வராது: புறாவின் 'பு' கீழே கோடு இறக்கும், படகின் 'கு'வும் ஆட்டின் 'டு'வும் சுழிக்கும், 'ஆறு', 'தாவீது' இரண்டின் கடைசி எழுத்தும் வேறு விதமாக மடங்கும். மூன்று குடும்பமாகப் பிரித்து, ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று கொடுத்தால் குழப்பம் பாதியாகக் குறைகிறது.

பெயர்கள் எழுத ஆசைப்படாத பிள்ளை இல்லை. இங்கே ஒரு வசதி உண்டு. தமிழ் வேதாகமத்தில் முக்கியப் பெயர்கள் பலவும் கிரந்த எழுத்து இல்லாமலே வருகின்றன: இயேசு, யோவான், யோசேப்பு, மோசே, தாவீது. ஆனால் வசதி அதோடு சரி, 'மோசே' இரண்டெழுத்துதான் என்று முதல் நாளே கொடுத்துவிடக் கூடாது. அதில் இரட்டைக் கொம்பு இரண்டு முறை வருகிறது, நடுவில் ஒரு காலும் உண்டு. 'மோ' என்று சொல்லும்போது பிள்ளையின் காதில் முதலில் விழுவது 'ம்'. கையும் 'ம'வை முதலில் போடும். பிறகு கொம்புக்கு இடம் தேடி இடுக்கில் நெருக்கி வைக்கும். எனவே ஆதாம், மரியாள், காயீன், தாவீது என்று கொம்பில்லாத பெயர்கள் முதலில். இரண்டு மூன்று வாரம் கழித்து சேம், ஆபேல். அதன்பிறகே நோவா, யோனா, மோசே. கொம்பு எழுத்துக்கு முன் கட்டம் ஒன்றை வெறுமையாக விட்டு, "வாசல்ல முதல்ல நிக்கிறது கொம்புதான்" என்று சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள். எகர, ஏகாரத்தைப் பிரிக்க மேலே சுழித்த இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் வீரமாமுனிவர். அதற்கு முன் குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

ஒலி மயங்கும் எழுத்துகளுக்கும் கதையிலேயே அடையாளச் சொற்கள் கிடைக்கின்றன. ல, ள, ழ: ஆபேல், ஏவாள், பேழை. ந, ன: நோவா, யோனா. சொல்லின் முதலில் 'ன' வராது என்ற விதியைச் சொல்லத் தேவையே இல்லை. "நோவா ந-வா, யோனா ன-வா?" என்று கேட்டால் போதும், வேறு சொற்களுக்கும் பொருத்திக்கொள்வார்கள்.

ஆறு வயதில் முதல் 'புத்தகம்' செய்யலாம். ஆதியாகமம் முதல் அதிகாரம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஏ4 தாள் இரண்டை ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்து, மடிப்பில் இரண்டு தையல் போட்டால் எட்டுப் பக்கம்: அட்டை ஒன்று, நாட்கள் ஏழு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே முக்கால்வாசி படம், கீழே ஒரே வரி. "தேவன் அது நல்லது என்று கண்டார்" என்பது திரும்பத் திரும்ப வருவதால் அதே வரியை நாலைந்து பக்கத்தில் எழுதினாலும் பிள்ளைக்குத் தண்டனையாகத் தோன்றாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒரே நாளில் முடிக்கத் துடிக்கும் பிள்ளையிடமும் முடித்துக் கொடுக்கச் சொல்லக் கூடாது, கடைசி மூன்று பக்கம் கோழிக் கிறுக்கலாகிவிடும்.

பார்த்தெழுதுவதற்கு வசனம் தேர்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரபலமான வசனம் எளிய வசனமாக இருப்பதில்லை. இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வரியில் 'மேய்ப்பராயிருக்கிறார்' என்று பதினோரெழுத்து ஒரே சொல்லாக நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளை அதை எழுத்தெழுத்தாக எட்டிப் பார்த்து எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து கழன்றுவிடும். 'மேய்ப்பராய் / இருக்கிறார்' என்று பென்சிலால் பிரித்துக் காட்டி, ஒவ்வொரு பாதியையும் பார்த்து, மூடி, எழுதச் சொல்ல வேண்டும். முதல் வசனமாக யோவான் 11:35 நல்லது: "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே சொல்லில் கொம்பு, இரட்டித்த ஒற்று, நெடில் எல்லாம் வந்துவிடுகின்றன.

பாட்டி வைத்திருக்கும் பழைய அச்சு வேதாகமத்தைப் பார்த்து எழுதக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள், அதாவது தும்பிக்கை வைத்த 'லை', 'னை', சுழித்த 'றா', 'னா' எல்லாம் அதில் இருக்கும். வாசிக்கக் கொடுங்கள், எழுதுவதற்கு மட்டும் வரியை உங்கள் கையால் புது வடிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி மனத்தின் வேலை. வாசித்ததைப் பிள்ளை தன் வாயால் திரும்பச் சொல்லும் முறையைக் கல்வியின் நடுவில் வைத்தவர் இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923). ஆறு வயதுக்கு முன் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பது அவர் கருத்து. எட்டுப் பத்து வசனத்தை ஒரே ஒரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை உண்டு என்று தெரிந்தால் முதல் முறை காது மூடிக்கொள்ளும். புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு." மௌனம் வந்தால் அரை நிமிடம் பொறுக்கலாம். அப்புறமும் வரவில்லை என்றால் "முதல்ல யாரு வந்தா?" என்று ஒரு முனையை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டோம்?" என்ற கேள்வியை இந்த நேரத்தில் தொடவே கூடாது. எல்லாக் கதைக்கும் "கீழ்ப்படியணும்" என்ற ஒரே பதில் வரும், திமிங்கலமும் புயலும் காணாமல் போகும். (யோனா புத்தகத்தில் இருப்பது 'பெரிய மீன்' என்று பிள்ளையே ஒரு நாள் திருத்தும்.)

பிள்ளை சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதிக்கொள்ள வேண்டும், சொன்னது சொன்னபடி: "யோனா கப்பல்ல ஏறி ஓடிப் போய்ட்டாரு." பிறகு அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, "எழுதும்போது இத எப்படிச் சொல்லுவோம்?" என்று கேட்டு, "யோனா கப்பலில் ஏறி ஓடிப் போய்விட்டார்" என்று வந்ததும் அதைப் பிள்ளை பார்த்தெழுதும். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். முதல் வாரம் போனாரு–போனார். அடுத்து கப்பல்ல–கப்பலில். பிறகு வந்துச்சு–வந்தது, அவங்க–அவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை சொல்வதையே நிறுத்திவிடும், அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

மரியாதை விகுதியில் முன்கூட்டியே ஒரு முடிவு எடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் தாவீதும் மோசேயும் 'என்றான்', தேவனும் இயேசுவும் 'என்றார்'. வீட்டில் தாத்தாவை 'வந்தாரு' என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ஆபிரகாமை 'வந்தான்' என்று எழுதக் கை வராது. பார்த்தெழுதும்போது புத்தகத்தில் உள்ளபடி, சொந்தமாக எழுதும்போது 'ஆர்' என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. ஒரே கதைக்குள் கலந்து வந்தால் மட்டும் சுட்டிக் காட்டலாம். நாட்குறிப்பில் "மழை உண்டாயிற்று" என்று எழுதினால் கோடு போட்டு அடிக்க வேண்டாம், காதில் விழுந்த தமிழ் கைக்கு வருகிறது என்று பொருள்.

எட்டு வயதில் சொல்வதெழுதல். வசனத்தை முதல் நாளே கொடுத்து, கடினமான இரண்டு சொல்லைப் பார்த்துவைக்கச் சொல்லி, மறுநாள் ஒரே முறை சொல்ல வேண்டும். தவறிய சொல்லைச் சிவப்பில் வட்டமிடாமல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்து, அதன் மேல் சரியாக எழுத வைப்பது நல்லது. தப்பான வடிவம் கண்ணில் நிற்கக் கூடாது.

உரையாடல் எழுதப் பழக்க 1 சாமுவேல் 3. சாமுவேல் மூன்று முறை ஏலியிடம் ஓடுகிறான், நான்காம் முறைதான் கர்த்தருக்குப் பதில் சொல்கிறான். பழைய மொழிபெயர்ப்பில் மேற்கோள்குறி கிடையாது, யார் பேச்சு எங்கே முடிகிறதென்று பிள்ளைக்குத் தெரியாது. படக்கதை போல மூன்று தலைகளை வரைந்து பேச்சுக் குமிழியில் முதலில் எழுத வைத்து, பிறகு குமிழி இருந்த இடத்தில் மேற்கோள்குறி போட்டு வரியாக்கினால் குறி எதற்கென்று விளக்கவே வேண்டாம்.

ஒன்பது வயதில் முழுக் கதையையும் தானே எழுதத் தொடங்கலாம், முதலில் ஐந்து வாக்கியம். அந்த வயதில் பழைய மொழிபெயர்ப்பின் பக்கத்தில் 1995இல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் திறந்து வைப்பது உண்டு. ஆதியாகமத்தின் முதல் வரியில் பழையதில் 'சிருஷ்டித்தார்', புதியதில் 'படைத்தபொழுது'. மூன்றாவதாக நோட்டில் ஒரு வரி இடம் விட்டு, "நீ எப்படி எழுதுவ?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம்.