தனியுரிமைக் கொள்கை எழுதப் போனால்

மென்பொருள் நிறுவனங்களில் ஆவணம் எழுதுவது என் வேலை. பயனர் கையேடு, உதவிப் பக்கங்கள், டெவலப்பர்களுக்கான ஏபிஐ விளக்கம் என்று பலவும் எழுதியிருக்கிறேன். ஒரு செயலியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எனக்கு முழுதாகக் காட்டிக் கொடுத்தது தனியுரிமைக் கொள்கை, அதாவது பயனரின் எந்தத் தகவலை எடுக்கிறோம், அதை என்ன செய்கிறோம் என்று சொல்லும் ஆவணம், எழுதும் வேலைதான். அதை எழுதச் சொல்கிறவர்கள் அப்படி நினைப்பதில்லை. செயலி தயாராகிவிட்டது, ஆப் ஸ்டோரில் ஏற்ற வேண்டும், படிவத்தில் தனியுரிமைக் கொள்கையின் இணைப்பைக் கேட்கும் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அப்போதுதான் என்னைத் தேடி வருவார்கள். "வேற ஏதாவது ஆப்போடத எடுத்து, பேரை மட்டும் மாத்திக் குடுத்துடுங்களேன்" என்பார்கள்.

அதற்கு நான் சம்மதிப்பதில்லை. இன்னொரு செயலியின் கொள்கை அந்தச் செயலி என்ன செய்கிறது என்றுதான் சொல்லும். நம்முடையது வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால், நம் பெயரைப் போட்டு நாமே ஒரு பொய்யை வெளியிட்டதாகிவிடும். சட்டமும் இதை அப்படித்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தனியுரிமைச் சட்டம் மத்திய அளவில் இல்லை. ஆனாலும் அங்குள்ள எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையம் நிறுவனங்களைப் பிடிக்கிறது. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றால் அது நுகர்வோரை ஏமாற்றுவது. அந்த ஒரு காரணமே அதற்குப் போதும்.

2013 டிசம்பரில் அப்படி மாட்டியது ஒரு டார்ச் லைட் செயலி. 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்று பெயர். பல கோடிப் பேரின் ஆண்ட்ராய்டு போன்களில் இருந்தது. விளக்கு எரியவிடுவதைத் தவிர வேறு வேலை இல்லாத அந்தச் செயலி, போன் இருக்கும் இடத்தையும் சாதனத்தின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கும் தனியுரிமைக் கொள்கை இருந்தது. தகவல் சேகரிக்கிறோம் என்றுகூட அதில் எழுதியிருந்தார்கள். அது யாரிடம் போகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. விதிமுறைகளுக்குச் சம்மதமா, இல்லையா என்று திரையில் கேட்ட நேரத்திலேயே தகவல் கிளம்பிவிட்டிருந்தது. புதிதாக ஒரு குழுவோடு உட்காரும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். "நம்ம ஆப்ல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று உடனே யாராவது சொல்வார்கள். சரி, பார்த்துவிடலாம் என்பேன்.

கொள்கையை வாக்கியமாக எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு அட்டவணை போடுவது என் வழக்கம். என்ன தகவல், எங்கிருந்து வருகிறது, எதற்காக, எங்கே சேமிக்கிறோம், யார் பார்க்க முடியும், வெளியே யாருக்குப் போகிறது, எவ்வளவு காலம் இருக்கும், எப்படி அழியும். எக்செல் தாளில் இத்தனை பத்தி. அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவிடமும் போவேன். சர்வர் பக்கம் வேலை செய்பவர் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் இவ்வளவுதான் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கட்டிய டேட்டாபேஸில் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் சர்வர் தன்னிடம் நடப்பதைக் குறித்து வைக்கும் லாகில், பயனரின் இணைய இணைப்புக்கு உரிய எண்ணான ஐபி முகவரி தானாகவே பதிவாகிறது. செயலி நின்றுபோனால் அறிக்கை அனுப்பும் எஸ்டிகே (செயலிக்குள் அப்படியே சேர்த்துக்கொள்ளும், வேறொருவர் எழுதிய தயார் நிரல்), போனின் மாடலையும் இயங்குதளத்தின் பதிப்பையும் சேர்த்தே அனுப்புகிறது. நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஒவ்வொரு போனுக்கும் ஒரு டோக்கன், அதாவது அடையாளக் குறியீடு, வேண்டும். புரொஃபைல் படத்தை அப்படியே ஏற்றினால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். உதவி கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பயனர்கள் ஸ்கிரீன்ஷாட் இணைக்கிறார்கள். மார்க்கெட்டிங்கில் ஒருவர் போன மாதம் மின்னஞ்சல் பட்டியலைத் தன் கணினிக்கு இறக்கி வைத்திருக்கிறார். இவை எதையும் யாரும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் பார்க்கும்படி அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாயால் கேட்பது மட்டும் போதாது. செயலியிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். போனுக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு பிராக்ஸி கருவியை வைத்தால், எந்தத் திரையைத் தொடும்போது எந்த முகவரிக்கு என்ன போகிறது என்று வரிசையாக ஓடும். டெஸ்டிங் செய்பவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

மாத்திரை வேளையை நினைவூட்டும் ஒரு செயலிக்கு எழுதியபோது இந்தப் பழக்கத்தின் அருமை தெரிந்தது. பயனர் தான் சாப்பிடும் மருந்துகளைப் பதிந்து வைப்பார், நேரமானதும் செயலி மணி அடிக்கும். மருந்துப் பட்டியல் எங்கள் சர்வரில் குறியாக்கம் செய்யப்பட்டே இருந்தது. அதில் குழு உண்மையாகவே அக்கறை எடுத்திருந்தது. பயனர்கள் எந்தத் திரையில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக வெளி நிறுவனம் ஒன்றின் பகுப்பாய்வு எஸ்டிகே சேர்த்திருந்தார்கள். அது ஒவ்வொரு திரையின் தலைப்பையும் தானாக எடுத்து அனுப்பும். மருந்து விவரம் காட்டும் திரையின் தலைப்போ அந்த மருந்தின் பெயர்! பிராக்ஸியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோதனைக்காகப் பதிந்த ஒரு மனநல மருந்தின் பெயர், சாதன எண்ணோடு சேர்ந்து, எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வருக்குப் போனது. பக்கத்தில் இருந்த டெஸ்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மருந்தின் பெயர் தெரிந்தால் நோய் தெரிந்துவிடும். வீட்டில்கூடச் சொல்லாமல் ஒருவர் சாப்பிடும் மருந்தாக அது இருக்கலாம்.

அன்று மாலைக் கூட்டத்தில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கொள்கையில் எழுத வேண்டிய வாக்கியத்தை மட்டும் திரையில் போட்டேன்: "நீங்கள் பதியும் மருந்துகளின் பெயர்களை உங்கள் சாதன எண்ணுடன் சேர்த்து வெளி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புகிறோம்." இப்போது செயலி செய்வது இதுதான், இதை வெளியிடலாமா என்று கேட்டேன். "ஐயோ, இதைப் போட முடியாதுங்க" என்றார் மேனேஜர். "அப்போ அனுப்புறத நிறுத்தணும்" என்றார் டெவலப்பர். வாதமே நடக்கவில்லை. தலைப்பைத் தானாக எடுப்பதை அணைத்தார்கள், அதுவரை போயிருந்த தகவலை அழிக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதினார்கள். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வெளியே வந்தது: பூட்டிய திரையில் வரும் நோட்டிஃபிகேஷனிலும் மருந்தின் பெயர் தெரிந்தது. அது கொள்கையில் வர வேண்டிய விஷயமே இல்லை. ஆனாலும் "மருந்து சாப்பிடும் நேரம்" என்று பொதுவாக மாற்றிவிட்டார்கள்.

செயலி செய்வதை உள்ளபடி எழுதி, அதைச் செய்கிறவர்கள் முன்னால் வைத்தால் செயலியே மாறும். நல்ல தனியுரிமைக் கொள்கை உருவாகும்போது வாக்கியங்களைவிட நிரலில்தான் அதிக வரிகள் திருத்தப்படுகின்றன என்பது என் அனுபவம். நாங்கள் பார்த்தது அபூர்வமான சங்கதியும் இல்லை. மாதவிடாய் நாள்களைக் குறித்து வைக்கும் ஃப்ளோ என்ற செயலி மீது எஃப்டிசி எடுத்த நடவடிக்கை 2021 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. உடல்நலத் தகவலை வெளியே தர மாட்டோம் என்று உறுதி சொல்லிவிட்டு, பேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுச் சேவைகளுக்கு அனுப்பினார்கள் என்பது புகார். அங்கும் தகவல் போனது செயலிக்குள் நடக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வைத்திருந்த பெயர்களின் வழியாகத்தான். அந்தப் பெயரைப் பார்த்தாலே ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த வழக்கின் ஆவணத்தைப் படித்தபோது எங்கள் பிராக்ஸித் திரைதான் கண்முன் வந்தது.

அட்டவணையில் நிரப்புவதற்கு மிகவும் சிரமமான பத்தி, எவ்வளவு காலம் என்பது. தேவைப்படும் காலம் வரை வைத்திருப்போம் என்றுதான் எல்லோரும் எழுதச் சொல்வார்கள். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், கால அளவைச் சொல், அது முடியாவிட்டால் அதை முடிவு செய்யும் அடிப்படையைச் சொல் என்கிறது. சட்டம் அப்படிக் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். லாக் எத்தனை நாள்? பேக்கப் எத்தனை நாள்? கணக்கை அழித்தவரின் தகவல் பேக்கப்பிலிருந்து எப்போது போகும்? பல இடங்களில், கணக்கை அழிக்கும் பட்டன் டேட்டாபேஸில் 'அழிந்தது' என்று ஒரு குறியை மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. பயனருக்கு எல்லாம் போய்விட்டதாகத் தெரியும். பதிவு அப்படியே கிடக்கும். கணக்கு தொடங்க வைக்கும் செயலிகள், அதை அழிக்கும் வழியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியது. பட்டன் எல்லாச் செயலியிலும் வந்துவிட்டது. அது உண்மையில் அழிக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

வக்கீலோடு வேலை செய்வது தனி அனுபவம். அவர் எதிர்காலத்தில் வரக்கூடிய எல்லாவற்றுக்கும் இடம் விட்டு எழுதச் சொல்வார். சேகரிக்கக்கூடும், பகிரக்கூடும், கூட்டாளி நிறுவனங்கள் என்று போகும். நான் இன்று செய்வதை மட்டும் எழுத வேண்டும் என்பேன். பயனர் பக்கம் நின்று பார்த்தால், பகிரக்கூடும் என்பதிலிருந்து அவருக்கு எதுவுமே தெரியவராது. ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட வழவழா சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. மற்றபடி வக்கீல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. சிறுவர் என்று யாரைச் சொல்வது என்பதை மட்டும் பாருங்கள். சிறுவர்களின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் காப்பா சட்டத்தில் 13 வயதுக்குக் கீழ். ஜிடிபிஆரில் 16, ஆனால் நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18. செயலி எங்கெல்லாம் போகிறது என்று தெரியாமல் இதில் ஒரு வரி எழுத முடியாது.

இவ்வளவு பாடுபட்டு எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ஒருவர் தான் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆண்டுக்கு ஒருமுறை வரிவிடாமல் படித்தால், அதற்கே சுமார் 244 மணி நேரம் ஆகும். அது இத்தனை செயலிகள் வருவதற்கு முன்பு போட்ட கணக்கு. யாராலும் முடியாத காரியம் அது.

ஆனால் ஏதோ ஒரு கேள்வியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் போன் தொலைந்துவிட்டது, மருந்துப் பட்டியலை வேறு யாராவது பார்க்க முடியுமா? அம்மாவின் கணக்கை நான் அழிக்கலாமா? நான் வேலை செய்யும் இடத்துக்கு இது தெரியுமா? இவர்கள் பயத்தோடு வருகிறார்கள். பக்கத்தின் மேலிருந்து கீழே படிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. அதனால் தலைப்புகளையே அவர்கள் கேட்கும் கேள்விகளாக வைக்கிறேன். பதிலின் முதல் வரியிலேயே ஆம், இல்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் விவரம். அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்குத்தான் தெரியும். வரைவை அவர்களிடம் கொடுத்து, போனில் ஒருவர் கேட்டால் இதைப் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். அவர்கள் திணறும் இடத்தைத் திருத்தி எழுதுவேன். தகவல் இருந்தால் மட்டும் போதாது, கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்கு கூகுள் ஒரு விலை கொடுத்தது. 2019 ஜனவரியில் பிரான்சின் தகவல் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 5 கோடி யூரோ அபராதம் விதித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, முக்கியமான விவரங்கள் பல ஆவணங்களில் சிதறிக் கிடக்கின்றன, சிலவற்றை அடைய ஐந்தாறு முறை சொடுக்க வேண்டியிருக்கிறது என்பது.

மொழியும் அப்படித்தான். இந்தியச் சட்டத்தின்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ்ப் பிரதியை நான் அட்டவணையைப் பார்த்தே நேராக எழுதுகிறேன், ஆங்கிலப் பிரதியைத் திறப்பதில்லை. உங்கள் தகவல், நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன கேட்கலாம் என்று எதிரில் இருப்பவரிடம் பேசுவது போல எழுதினால் ஆங்கிலப் பிரதியைவிட அது தெளிவாக வந்துவிடுகிறது. அதைப் பார்த்து ஆங்கிலத்தைத் திருத்தியதும் உண்டு.

வெளியிட்ட பிறகுதான் கவனம் அதிகம் தேவை. கொள்கை ஒன்று சொல்லும். செயலி என்னென்ன தகவல் எடுக்கிறது என்று ஆப் ஸ்டோர் பக்கத்தில் காட்ட 2020 டிசம்பரிலிருந்து ஆப்பிள் கேட்கும் தனியுரிமை லேபிள் ஒன்று சொல்லும். 2022இல் கூகுள் பிளேயில் வந்த தரவுப் பாதுகாப்புப் பகுதி இன்னொன்று சொல்லும். பெரும்பாலும் இந்த மூன்றையும் மூன்று பேர் வெவ்வேறு நாளில் நிரப்பியிருப்பார்கள். இடையில் ஒரு டெவலப்பர் புது எஸ்டிகே சேர்த்தால் மூன்றுமே தப்பாகிவிடும். அதனால் வெளியீட்டுக்கு முன் பார்க்கும் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிவிட்டேன்: புது எஸ்டிகேயோ, புது அனுமதியோ, டேட்டாபேஸில் புது நெடுவரிசையோ வந்தால், முதலில் அட்டவணை மாற வேண்டும். அட்டவணை மாறினால் எனக்குத் தகவல் வரும். நான் கொள்கையையும் இரண்டு லேபிள்களையும் சேர்த்தே திருத்துவேன். ஆரம்பத்தில் இதைக் கூடுதல் வேலை என்று முணுமுணுத்தார்கள். இப்போது புது எஸ்டிகே சேர்ப்பதற்கு முன்பே, "இது என்னென்ன அனுப்பும்னு பாத்துட்டேன், இந்த ரெண்டை அணைச்சுட்டேன், மீதி இதுதான்" என்று டெவலப்பர்களே எழுதி அனுப்புகிறார்கள். கொள்கையின் பழைய பதிப்புகளை எடுத்துவிடாமல் தேதியோடு கீழேயே வைத்திருக்கிறோம். பெரிய மாற்றம் என்றால், அது நடைமுறைக்கு வருமுன் செயலியைத் திறந்ததும் தெரியும்படி, எது மாறுகிறது என்பதை மட்டும் நாலு வரியில் சொல்கிறோம்.