மொழி கற்க எந்த ஆப்?

"எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மொழியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறவருக்கு டுவோலிங்கோ சரி. தினமும் உட்காரும் பழக்கத்தை நன்றாகவே உண்டாக்கும். ஆனால் பேசத்தான் வேண்டும் என்றால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். பிம்ஸ்லர் என்ற ஆப்பில் ஒரு பாடம் சுமார் 30 நிமிடம், பெரும்பாலும் கேட்பதும் சொல்வதும்தான். கேள்வி வரும், கொஞ்சம் இடைவெளி விடுவார்கள், அதற்குள் நாம் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அந்தச் சில நொடித் திணறல்தான் நிஜமான பயிற்சி என்பேன்.

தேர்வு எழுதுகிறவர்கள் கதை வேறு. எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறினால், ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள், ஜப்பானியத்துக்கு என்5 முதல் என்1 வரை ஐந்து. பாடங்கள் எந்த நிலை வரை போகின்றன என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். பல செயலிகள் நடுவழியிலேயே நின்றுவிடும்.

சொற்களுக்கு ஆன்கி. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதிய அட்டையை, நாம் மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி நீட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. அட்டைகளை நீங்களே எழுதுங்கள், அடுத்தவர் செய்து வைத்தது மனதில் அவ்வளவாக ஒட்டாது.

ஓரளவு பேச வந்துவிட்டதா? ஹலோடாக், டேண்டம் ஆப்கள் பக்கம் போய் அந்த மொழி பேசும் மனிதர்களோடு பேசுங்கள்.

அப்புறம், இலவசச் சோதனைக் காலம் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். சந்தா பெரும்பாலும் தானாகவே தொடர்ந்துவிடும்.