நோயாளிகளை வைத்துக்கொண்டே மருத்துவமனையைக் கட்டினோம்

எங்கள் சிறிய சமூக மருத்துவமனையைப் புதுப்பிக்க அமைத்த குழுவில் செவிலியர்கள் சார்பில் நான் இருந்தேன். மூடிவிட்டுக் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் அதுவரை பிரசவத்துக்கு வருபவர்கள் எங்கே போவார்கள்? அதனால் பகுதி பகுதியாகக் கட்டுவது என்று முடிவானது.

முதல் வேலை, பழைய கட்டடத்தின் கதையைத் தேடியது. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று தெரியாமல் கடப்பாரையை எடுக்க முடியாது. பழைய வரைபடங்களை வரிசையாக விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆரம்பத்தில் இருந்தது ஒரே நீள வார்டு, இரு பக்கமும் எதிரெதிராக உயரமான ஜன்னல்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் மருத்துவமனைகள் பற்றி எழுதிய நூலில் வலியுறுத்திய அதே அமைப்பு. பிறகு எக்ஸ்ரே அறை, ஆய்வகம், கிடங்கு என்று ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டியதில் ஒரு பக்க ஜன்னல்கள் அடைபட்டுவிட்டன. எந்நேரமும் வார்டில் புழுக்கம் என்று நாங்கள் சொல்லிவந்ததற்குக் காரணம் அதுதான்.

ஜன்னல்களை மீட்க வேண்டும் என்றதும் இடம் போகிறதே என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக் காட்டினோம். இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியிருக்கும் பொது வார்டில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும். காற்றில் பரவும் நோய் உள்ளவர்களை வைக்கும் அறையில் 160 லிட்டர். அப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வரைபடத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் நாங்கள் பிடிவாதமாகச் செய்தது ஒன்று உண்டு. காலி அறையின் தரையில் டேப் ஒட்டி, புதிய அறையை அப்படியே குறித்தோம். நிஜக் கட்டில், டிரிப் ஸ்டாண்டு, சக்கர நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தோம். கட்டிலை வெளியே தள்ளித் திருப்பினால் அதன் கால்பக்கம் எதிர்ச்சுவர்க் கோட்டைத் தாண்டி நின்றது. கழிப்பறைக் கதவோ உள்பக்கம் திறப்பதாக இருந்தது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், எப்படித் தூக்குவது? இரண்டையும் காகிதத்திலேயே மாற்றினார்கள்.

கட்டும்போது தூசிதான் பெரிய கவலை. இடிக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம்; எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. கூரைவரை தடுப்புச் சுவர் எழுப்பி, இடுக்குகளை அடைத்து, வேலை நடக்கும் பக்கத்துக் காற்றை வெளியே இழுத்துவிட்டோம்.

ஆக்சிஜன் குழாயை மாற்றிய அன்று எல்லோருக்கும் படபடப்பு. தேவைப்படும் ஒவ்வொரு கட்டிலருகேயும் சிலிண்டர், அளவியைப் பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆள். புதிய குழாயில் வருவது ஆக்சிஜன்தானா என்று ஒவ்வொரு முனையிலும் சோதித்த பிறகே நோயாளிகளுக்கு இணைத்தோம்.

உங்கள் பக்கம் இப்படி வேலை தொடங்கினால் துப்புரவுப் பணியாளர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். கழிவு வண்டி எந்த வழியாகப் போகும் என்று எங்கள் கூட்டத்தில் கேட்டவர் ஒரு துப்புரவுப் பணியாளர்தான். சமையலறை வாசலை ஒட்டித்தான் வரைந்து வைத்திருந்தார்கள்.