அப்பாவின் கழுத்துக் குழாய்

மார்ச் 4, செவ்வாய்
மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துக் குழாயில் கொழுப்பு அடைப்பு; அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தாயிற்று. தொடை வழியாக வயரை ஏற்றி, அடைப்புக்கு மேலே ஒரு வடிகட்டியை விரித்துவிட்டுத்தான் பலூனை ஊதுகிறார்கள். உடையும் கொழுப்புத் துணுக்கு மூளைக்குப் போகக் கூடாதே. பலூன் ஊதியதும் நாடித்துடிப்பு சரேலென்று இறங்கிவிட்டதாம். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அங்கேதான் இருக்கின்றன, இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். நாடியை ஏற்றும் அட்ரோபின் மருந்து போட்டதும் சரியானது.

மார்ச் 5, புதன்
பேச்சு, கை, கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. "கழுத்தைத் திறந்து ஆபரேஷனே பண்ணியிருக்கலாமே" என்று சித்தப்பா இன்றும் ஆரம்பித்தார். இரண்டு முறையையும் ஒப்பிட்டு 2010இல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதமும், ஆபரேஷன் செய்தவர்களுக்கு மாரடைப்பும் சற்று அதிகம். அப்பாவுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். அப்புறம் என்ன பேச்சு?

மார்ச் 8, சனி
காலையிலிருந்து தலைவலி, இடது பக்கம் மட்டும், கண்ணுக்குப் பின்னால். உடம்புச் சூடு என்று அத்தை விளக்கெண்ணெயோடு வந்தார். பிரஷர் பார்த்தால் 184/100. காரை எடுப்பதற்குள் வலது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

மார்ச் 9, ஞாயிறு
சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை, இடது பக்கம் வீக்கம் மட்டும். ஸ்டென்ட் அடைத்துவிட்டதோ என்று பயந்தோம், நடந்தது நேர்மாறு. ஹைப்பர்பெர்ஃபியூஷன், அதாவது மூளைக்குள் அளவுக்கு மீறி ரத்தம் பாய்வது என்கிறார்கள். குறைந்த ரத்தத்தில் பிழைக்க, மூளையின் சிறு குழாய்கள் நாளாவட்டத்தில் முழுக்க விரிந்து, சுருங்கும் பழக்கத்தையே இழந்துவிடுகின்றன. காய்ந்த வாய்க்காலில் மதகை முழுசாகத் திறந்த கதைதான். பிரஷரைக் குறைக்கும் லேபெட்டலால் சொட்டு சொட்டாக ஏறுகிறது, பிரஷர் 140க்குக் கீழே நிற்க வேண்டும். கசிவு இருந்திருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும். நல்லவேளை, அந்த இக்கட்டு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
தலைவலி போய்விட்டது. காலையில் டம்ளரைக் காட்டிக் கேட்டால் "அந்த... அந்த..." என்று கையை ஆட்டினார். சாயங்காலம், "காபியில சக்கரையே இல்லடா" என்று முழு வாக்கியமாகத் திட்டு.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை மறுபடி படித்தேன். மாத்திரைப் பட்டியல் ஒரு பக்கம் நிறைய. ஸ்டென்ட் வைத்த பக்கம் தலை வலித்தால் உடனே வரவும் என்று ஒரு வரி கிடையாது. முதல் சில நாளில் வரக்கூடியது என்று தெரிந்தும் எழுத மாட்டார்களாம்! கேட்டதற்கு, "ரொம்ப அபூர்வம் சார்" என்று பதில்.

மார்ச் 14, வெள்ளி
வீட்டுக்கு வந்தாச்சு. இரண்டு வேளையும் பிரஷர் எழுதுகிறேன், இன்று 128/78. வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அடுத்த மாதம், குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ஊறுகாய் ஜாடியை அம்மா பரணுக்கு ஏற்றியதில் அப்பாவுக்குக் கோபம்.