450 நிமிடங்கள்

2025 நவம்பர் 18ஆம் திகதி கொழும்பில் நடந்த உதைபந்தாட்டத்தில் நாங்கள், இலங்கை அணி, தாய்லாந்திடம் 0–4 என்று தோற்றோம். அதோடு 2027 ஆசியக் கிண்ணமும் இல்லையென்று ஆகிவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியான நித்திரை இல்லை. அடுத்த நாள் பிந்தி எழும்பி போனைப் பார்த்தால், கியூரசாவ் என்றொரு தீவு ஜமைக்காவில் போய் கோலில்லாத சமநிலை எடுத்து, 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது என்று செய்தி. அந்தத் தீவின் சனத்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான் வரும். எங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டச் சனத்தையும் கூட்டினால் அதைவிடக் கூட. உலகக் கிண்ண வரலாற்றிலேயே இவ்வளவு சிறிய நாடு போனதில்லையாம்.

படலையடியில் நின்று அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். அன்றே இதை எழுத நினைத்தேன். ஆனால் பத்து நாளைக்குள் டித்வா புயல் வந்துவிட்டது. வயலும் வளவும் ஒன்றாகி, எங்கள் கழக மைதானம் குளமாகிக் கிடந்தது. அப்போது பந்தைப் பற்றிக் கதைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது 2026 தை மாதம். வடக்குப் பக்கக் கோல் கம்பத்தடியில் மட்டும் இன்னும் சேறு. மற்றப் பாதி காய்ந்துவிட்டது. பெடியள் அந்தப் பாதிக்குள் குறுக்காகக் கல் வைத்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். நானும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் தேசிய அணிக்கு நியாயமாக இருக்க வேண்டும். தோற்ற அன்று முகநூலில் எழுதப்பட்டதை எல்லாம் வாசித்தேன். பாதி அநியாயம். இந்த அணி எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா எங்கள் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. விளையாட்டு நிர்வாகத்தில் அரசாங்கத் தலையீடு என்பது காரணம். அந்த வருடத் தெற்காசியக் கிண்ணத்துக்குப் போகவே முடியவில்லை. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. ஒக்டோபரில் யேமனுக்கு எதிராக 0–3, பிறகு கொழும்பில் 1–1. உலகக் கிண்ணத் தகுதிகாண் முதற்சுற்றிலேயே வெளியே. அந்தக் காலத்தில் 211 நாடுகள் கொண்ட உலகத் தரப்பட்டியலில் நாங்கள் 207ஆம் இடம்வரை போயிருந்தோம்.

அங்கிருந்துதான் 2024 செப்டெம்பரில் கம்போடியாவுக்குப் போய் 2–2 எடுத்து, சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் மூன்றாம் சுற்றுக்குள் வந்தார்கள். அன்று விசுவமடுச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து ஒன்பது பேர் பார்த்தோம். எங்கள் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா கோல் கோட்டில் கையை விரித்து நின்றபோது கடைக்காரர் அடுப்பை நூர்த்துவிட்டார். சத்தம் கேட்கவில்லையாம். பிறகு தாய்லாந்து மண்ணில் 0–1 மட்டும்தான். சீன தாய்பேயை, அதாவது தாய்வானை, 3–1. இரண்டு தரம் ஆசியக் கிண்ணம் ஆடிய துர்க்மெனிஸ்தானைக் கொழும்பில் 1–0. நான் இந்த அணியைக் கவனிக்கத் தொடங்கிய இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல அணி ஒன்றை நான் காணவில்லை.

கவனிக்கத் தொடங்கியது 1995இல். எனக்குப் பதினாலு வயது. அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் போகும். அன்றிரவு செய்தியின் கடைசியில் விளையாட்டு வந்தது. தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என்று இலங்கை வென்றது, அதுவும் மேலதிக நேரத்தில், போட்டவுடனேயே ஆட்டம் முடியும் தங்கக் கோலால். நான் பெடலை விட்டுவிட்டுக் கத்தினேன். ரேடியோ நின்றுவிட்டது. அப்பா ஏசவில்லை. அந்த வருடம் ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தது. அதில் ஒரு பகுதி எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வளவிலும் நாலு குடும்பம். வந்த பெடியள் ஒருத்தனிடம் காற்றுப் போகாத உண்மையான தோல் பந்து இருந்தது. அதுவரை நான் உதைத்தது வாழைச்சருகில் கட்டிய பந்துதான்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். கியூரசாவைக் காட்டிப் பலர் சொல்வது ஒன்றுதான். அவர்களின் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள், ஆகவே நாங்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு வந்தால் போதும் என்கிறார்கள். நாங்கள் ஏற்கனவே அதைத்தான் செய்கிறோம். ஜேர்மனியில் இருந்து காமர்க்நெக்ட், அவுஸ்திரேலியாவில் இருந்து ஜாக் ஹிங்கெர்ட். வெளிநாட்டில் வளர்ந்த பரத் சுரேஷின் பெயரைப் பட்டியலில் கண்ட அன்று எங்கள் பெடியள் அதைப் படம் பிடித்து ஆளாளுக்கு அனுப்பினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். இங்கிருந்து ஓடிப் போன சனத்தின் பிள்ளைகள் இந்த அணிக்கு ஆடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வரட்டும், இன்னும் வரட்டும்.

ஆனால் அந்தப் பிள்ளைகளை ஆட்டக்காரர் ஆக்கியது எது? அங்கே ஆறு ஏழு வயதில் ஒரு கழகத்தில் பெயரைப் பதிந்தால், ஒவ்வொரு கிழமையும் ஒரு ஆட்டம் இருக்கும். வென்றாலும் இருக்கும், தோற்றாலும் இருக்கும். இங்கே அது இல்லை. எனக்குத் தெரிந்தவரை பிரச்சினையின் ஆணிவேர் இதுதான்.

நான் எங்கள் கழகத்தின் செயலாளர். கடையில் கடன் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் போன வருடம் முழுக்க ஒரு கணக்கு எழுதி வந்தேன். எங்கள் அணியில் இடது காலால் அடிக்கும் ஒரு பெடியன் இருக்கிறான், பதினேழு வயது. போன வருடம் ஆறு சுற்றுப்போட்டிக்குப் போனான். நாலில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. ஒன்றில் இரண்டாவது ஆட்டத்தில். ஒன்றில் அரையிறுதி. மொத்தம் ஒன்பது ஆட்டம். எங்கள் பக்கத்தில் பாதிக்கு 25 நிமிடம்தான் வைப்பார்கள். ஆக ஒரு வருடத்துக்கு 450 நிமிடங்கள். 90 நிமிட ஆட்டம் என்று பார்த்தால் சரியாக ஐந்து.

ஐந்து ஆட்டம் ஆடிய பிள்ளை, ஐம்பது ஆட்டம் ஆடிய பிள்ளைக்கு முன்னால் எப்படி நிற்பான்? ஓடுவான், குறையில்லாமல் ஓடுவான். ஆனால் எப்போது ஓடாமல் நிற்க வேண்டும் என்பது ஆடி ஆடித்தான் வரும்.

எல்லாமே ஒரு தரம் தோற்றால் வெளியே என்ற விலகல் முறை என்பதுதான் சிக்கல். ஏன் அப்படி என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். வன்னியில் சுற்றுப்போட்டி என்றால் அநேகமாக ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி. மேசையில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும். விளக்கேற்றி, ஒரு நிமிடம் மௌனமாக நின்றுவிட்டுத்தான் பந்து மைதானத்துக்குள் வரும். படத்தில் இருப்பவர் 2009 யுத்தத்தில் போனவராக இருப்பார், அல்லது ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போனவராக இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் காசு அனுப்புவார்கள். இரண்டு நாளில் முப்பது அணியை ஆட வைத்து முடிக்க வேண்டும், சமையல் சாப்பாடு வேறு. விலகல் முறையைத் தவிர வேறு வழியில்லை. நான் இந்தப் போட்டிகளைக் குறை சொல்ல மாட்டேன். 2009இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பொலித்தீன் பைகளை உருட்டி, தறப்பாள் கிழிசலால் சுற்றிக் கட்டி நாங்கள் உதைத்த பந்துக்குப் பிறகு, ஊருக்குத் திரும்பி, மிதிவெடி அகற்றி முடிந்த நிலத்தில் மறுபடி கோல் கம்பம் நட்டது இந்தப் படங்களுக்கு முன்னால்தான்.

மேலே போகும் வழியோ இன்னும் ஒடுக்கம். 2021இல் சுப்பர் லீக் என்று பத்து அணிகளோடு தொடங்கினார்கள். வடக்கு, கிழக்கில் இருந்து ஓர் அணி கூட இல்லை. 2018இல் வடக்குக் கிழக்கு அணிகளை வைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு லீக் நடந்தது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அணிகள் இருந்தன. துரையப்பா விளையாட்டரங்கில் எங்கள் மாவட்டப் பெயர் போட்ட சட்டையோடு பெடியள் இறங்கியதை நேரில் பார்த்தேன். இன்றைக்கும் இங்கே அதைக் கதைப்பார்கள்.

நான் சொன்ன இடது கால்க்காரன் போன வருடம் கொழும்புக்கு ஓர் ஆட்டக்காரர் தெரிவுக்குப் போனான். எங்கே, யார் நடத்தியது என்பதை விட்டுவிடுவோம். கிளிநொச்சியில் இருந்து இரவு பஸ். விடியப் போய் இறங்கி, வெறும் தேத்தண்ணியோடு மைதானத்துக்குப் போயிருக்கிறான். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்களாம். ஆளுக்கு இருபது நிமிடம். சொன்னதெல்லாம் சிங்களத்தில். அடுத்த நாள் கடைக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

“அண்ணா, என்னை இடப்பக்கம் போய் நிக்கச் சொன்னவையாம். எனக்கு விளங்கேல்லை. நான் நடுவில நிண்டிட்டன்.”

“ஆரும் தமிழில சொல்லேல்லையோ?”

“முடிஞ்சாப் பிறகு ஒரு பெடியன் சொன்னவன்.”

சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை ஈர்க்கினால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அது எங்கள் செம்மண் இல்லை. கறுப்பு மண். அதை ஏன் கவனித்தேன் என்று தெரியவில்லை, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த நிலைமையை நான் மாற்ற முடியாது. ஆட்டங்களின் எண்ணிக்கையை மாற்றலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலும் அதை அண்டியும் இருக்கும் எட்டு ஊர்க் கழகங்களோடு மார்கழியில் கதைத்தேன்: பரந்தன், தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் தன் ஊரில் ஒரு தரம், அவர்கள் ஊரில் ஒரு தரம். அணிக்கு 14 ஆட்டம். பாதிக்கு 35 நிமிடம். 980 நிமிடங்கள். ஒரே லீக்கில் போன வருடத்தின் இரட்டிப்புக்கு மேல்.

எல்லோருக்கும் விருப்பம். காசுதான் இல்லை. கடைசியில், எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடமும் தன் தம்பியின் பெயரில் சுற்றுப்போட்டி நடத்தும் சுவிஸ் அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். தம்பி என்னோடு படித்தவன். எங்கள் அணியின் கோல் காப்பாளர். இரண்டு நாளில் செலவழிக்கும் காசைப் பதினாலு கிழமைக்குப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவவின் துக்கத்துக்குள் நான் கை வைப்பது போல இருந்தது. சமையல் இல்லை, பெரிய மேடை இல்லை, இறுதியாட்டம் என்று ஒன்றே இல்லை என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டா:

“அப்ப ஒவ்வொரு கிழமையும் தம்பியின்ர பேர் சொல்லித்தான் மட்ச் தொடங்குவியளோ?”

“ஓம் அக்கா. எட்டு ஊரிலயும்.”

“செய்யுங்கோ,” என்றா. அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு, இன்றைக்கு எங்கள் மைதானத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பெடியனுக்கு 2030இல் பத்தொன்பது வயது. வருடத்துக்கு இப்படி இருபது ஆட்டம் ஆடினால் அதற்குள் எண்பது ஆட்டம். அவன் தேசிய அணிக்குப் போவான் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் தெரிவுக்குப் போனால், யாரும் சொல்லாமலே எங்கே நிற்க வேண்டும் என்று அவனுடைய காலுக்குத் தெரிந்திருக்கும். நாட்டில் இப்படி ஐம்பது இடத்தில் நடந்தால், வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கும். அப்போது தாய்லாந்தோடு கடைசி நிமிடம் வரைக்கும் நின்று ஆடலாம். தகுதிகாண் சுற்றில் தோற்றபின் ஒவ்வொரு தரமும் பயிற்றுநரை மாற்றச் சொல்லிக் கத்துவதை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. பின்னேரப் பயிற்சிக்கு இப்போது ஐந்து பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதில் சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

தேசிய அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம். மார்ச் 31, சீன தாய்பேயோடு, அவர்கள் மண்ணில். செவ்வாய்க்கிழமை. கணக்குக்கு உதவாத ஆட்டம் என்றாலும் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப் பார்ப்பேன். நெல் வெட்டு முடிந்து மாசிக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் லீக் தொடங்குகிறது. முதல் ஆட்டம் உடையார்கட்டில். பெடியளை ஏற்றிப் போக லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) இரண்டு பேசியாகிவிட்டது. சுண்ணாம்பு மூன்று மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முத்தையன்கட்டு மைதானத்துக்குக் கோல் வலை ஒரு சோடி இன்னும் வேண்டும். பழையது என்றாலும் பரவாயில்லை, கிழிசலை நாங்கள் பின்னிக்கொள்வோம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பஸ்சில் போட்டுவிட்டால் விசுவமடுச் சந்தியில் இறக்கி எடுத்துக்கொள்கிறேன்.