புழுக்கத்தில் 42 கிலோமீட்டர்

'பெங்களூரில் 2 மணி 10 நிமிடத்தில் ஹாஃப் ஓடியாச்சு. சென்னை ஃபுல்லை நாலரை மணியில் முடித்துவிடலாம்தானே?' செப்டம்பர் வந்துவிட்டால் எந்த ஓட்டக் குழுவிலும் இந்தக் கேள்வி எழும். ஃபுல் என்பது 42.195 கிலோமீட்டர் மாரத்தான், ஹாஃப் அதில் பாதி. கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. பீட் ரீகல் என்பவர் தந்த சூத்திரப்படி, தூரம் இரட்டிப்பானால் நேரத்தை ஏறக்குறைய 2.085ஆல் பெருக்க வேண்டும். 130 நிமிடம் 271 நிமிடமாகும், அதாவது 4 மணி 31 நிமிடம். ஆனால் இரண்டு ஓட்டமும் ஒரே மாதிரி வானிலையில், ஒரே அளவு தயாரிப்போடு நடந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. சென்னை ஓட்டமோ கடலை ஒட்டியே போகிறது. முதல் முறை ஃபுல் ஓடுபவர் 2.2ஆல் பெருக்கி, 4:45இலிருந்து 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நாலரைக்குத் திட்டம் போட்டு 30ஆவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தால் ஐந்தரை ஆகிவிடும்.

சென்னையில் கால்களுக்கு முன்பே நம்மைக் கைவிடுவது வேர்வை. வேர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, அந்த வேர்வை ஆவியாக வேண்டும். வெதர் ஆப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'டியூ பாயிண்ட்' என்று ஒரு எண் இருக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை ஈரப்பத சதவீதத்தை விட அது நேராகச் சொல்லிவிடும். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் சுகமான ஓட்டம். 20ஐத் தாண்டினால் கஷ்டம். செப்டம்பர், அக்டோபர் விடியற்காலையில் சென்னையில் அது 24, 25 என்று நிற்கும். வேர்வை சொட்டித் தரையில் விழும், தோலிலிருந்து ஆவியாகாது. உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும். கால் தசைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும், அதைச் சரிக்கட்ட இதயம் வேகமாக அடிக்கும். அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், முதல் அரை மணியில் 140 என்று காட்டிய வாட்ச் ஒன்றரை மணியில் 158 காட்டும். உடற்தகுதி போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை, புழுக்கம் செய்கிற வேலை இது.

அதனால் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஈஸி ரன்னை, அதாவது நிதானமான ஓட்டத்தை, வாட்ச் காட்டும் பேஸை (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை) வைத்து ஓடாதீர்கள், மூச்சை வைத்து ஓடுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம், நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். 'ம்', 'ஆமா' என்று பதில் சுருங்கினால் கிலோமீட்டருக்கு 20 நொடி மெதுவாக ஓட வேண்டும். நவம்பர் முடிந்து காற்று கொஞ்சம் உலரும்போது அதே மூச்சில் வேகம் தானாகக் கூடும்.

ஜனவரி தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானுக்கு ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்தால் 20 வாரம் கிடைக்கும். ஹாஃப் ஓடிப் பழகியவருக்கு வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும். இரண்டு ஈஸி ரன் 8 கிலோமீட்டர் வீதம், ஒரு நாள் வேகப் பயிற்சி, ஞாயிறு லாங் ரன். வேகப் பயிற்சி என்றால் ஆளை அடித்துப்போடும் ஸ்பிரிண்ட் இல்லை. 1 கிலோமீட்டர் ஐந்து முறை, நடுவில் 2 நிமிட நடை, ஐந்தாவதும் முதலாவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால் சரியாக ஓடியிருக்கிறீர்கள். லாங் ரன் ஆகஸ்டில் 16 கிலோமீட்டரில் தொடங்கி டிசம்பர் நடுவில் 30, 32ஐத் தொடட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். மெதுவாக ஓடுபவர்கள் தூரத்தைப் பார்க்காமல் மூன்றரை மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் கிடைக்கும் பயனை விடத் தேய்மானம் அதிகம்.

இந்த 20 வாரத்தில் மழை எப்படியும் இரண்டு வாரத்தைத் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையின் நடுவிலேயே தயாரிப்பின் உச்சம் வருவது சென்னைக்காரர்களின் தலைவிதி. தூறலில் ஓடலாம், நல்ல மழையிலும் ஓடலாம். தேங்கிய தண்ணீரில் மட்டும் ஓடவே கூடாது. அடியில் மூடியில்லாத பாதாளச் சாக்கடை இருக்கலாம், அறுந்த மின்கம்பி கிடக்கலாம், எலிக்காய்ச்சலும் வரும். தவறிப்போன லாங் ரன்னை அடுத்த ஞாயிறோடு சேர்த்து 'ஈடுகட்ட' முயல்வதில்தான் பலருக்குக் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்புகள் விரிசல் விடுகின்றன. போனது போகட்டும். விட்ட இடத்துக்கு ஒரு படி கீழிருந்து தொடருங்கள்.

இனி தண்ணீர். குழுவாக ஓடுவதில் உண்மையான லாபம் ஊக்கமோ செல்ஃபியோ அல்ல, தண்ணீர் ஏற்பாடுதான். 12 பேர், 28 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்று வையுங்கள். தலைக்கு மணிக்கு 600 மில்லி என்றால் 2.1 லிட்டர், 12 பேருக்கு 25 லிட்டர். ஒரு 20 லிட்டர் கேன் சாதாத் தண்ணீர், 6 லிட்டர் உப்புக் கரைசல். பெசன்ட் நகரிலிருந்து 7 கிலோமீட்டர் சுற்று ஒன்றை அமைத்து நான்கு முறை வந்தால் ஒரே இடத்தில் ஒரே கார் போதும். கேனை டிக்கியின் ஓரத்தில் நிறுத்தி, கை பம்பை முந்தின இரவே பொருத்திச் சோதித்துவிடுங்கள். காலை நாலரைக்கு இருட்டில் பம்பு காற்று வாங்கினால் 20 கிலோ கேனைச் சாய்த்து பாட்டிலில் ஊற்றுவது ஒரு சர்க்கஸ். ஆளுக்கொரு பாட்டில், பேர் எழுதிய டேப்போடு. பேப்பர் கப் வேண்டாம், கடற்கரைக் காற்றில் அது தெரு முழுக்கப் பறக்கும். ஒரு குப்பைப் பை, 2 கிலோ ஐஸ், நான்கைந்து துண்டு. கார் சாவி ஓடுபவர் யாரிடமும் இருக்கக் கூடாது. சாவி வைத்திருப்பவர் எப்போதும் மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருப்பார். அன்று ஓடாத ஒருவரை முறைவைத்துக் காரோடு உட்காரவையுங்கள். காயம்பட்டு ஓய்விலிருப்பவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பேஸ் குழுக்களை முந்தின நாளே அறிவியுங்கள்: கிலோமீட்டருக்கு 6:30 நிமிடம், 7:15, நடந்து ஓடுபவர்களுக்கு 8:00. அறிவித்த வேகத்தை மீறி யாரும் முன்னால் போகக் கூடாது, உடம்பு நன்றாக இருப்பவர் கடைசிச் சுற்றில் போய்க்கொள்ளட்டும். ஈஸி என்று அறிவித்துவிட்டு மூன்றாவது கிலோமீட்டரிலேயே ரேஸாகிவிடும் குழுக்கள் ஊரில் நிறைய. அங்கே காயப்படுபவர் முன்னால் ஓடுபவர் அல்ல, விடாமல் துரத்தியவர்.

ஒருவருக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரமும் வீட்டு எடை மெஷினும் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள்: 68.4 என்று வைப்போம். ஒரு மணி நேரம் மாரத்தான் வேகத்தில் ஓடி, நடுவில் அளந்து 500 மில்லி குடியுங்கள். திரும்பி வந்து தலைமுடியையும் துவட்டிவிட்டு எடை பார்த்தால் 67.3. குறைந்தது 1.1 கிலோ, குடித்தது அரை லிட்டர், ஆக வேர்த்தது மணிக்கு 1.6 லிட்டர். இதைக் கண்டு மலைத்துப்போய் மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கக் கிளம்பாதீர்கள். ஓடும்போது பெரும்பாலோரின் வயிறு மணிக்கு 800 மில்லிக்கு மேல் ஏற்காது, குலுங்கிக்கொண்டு நிற்கும், குமட்டும். வேர்வை அதைப் போல இரண்டு மடங்கு போனால் குறைக்க வேண்டியது வேகத்தை. இந்தச் சோதனையை டிசம்பரில் இன்னொரு முறை செய்யுங்கள், எண் இறங்கியிருக்கும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஐந்து மணி நேரம் ஓடுபவர் ஒவ்வொரு மேஜையிலும் வெறும் தண்ணீராகக் குடித்து, ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது என்று பொருள். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உப்புக்கு மருந்துக் கடையில் 'டபிள்யூஎச்ஓ ஃபார்முலா' என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொடியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், கால் லிட்டரில் கரைத்தால் வயிறு கலக்கும். அதில் 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உண்டு. இளநீர் அருமையான பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் கம்மி. கருப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் பூக்கிற ஆளுக்கு அது மட்டும் போதாது, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஜெல் ஒன்றில் 20, 25 கிராம் இருக்கும், ஆக 40 நிமிடத்துக்கு ஒன்று, கூடவே தண்ணீர். கரைசலோடு ஜெல்லைச் சேர்த்து விழுங்கினால் இனிப்பு மேல் இனிப்பாகிக் குமட்டும். ஜெல் பிடிக்காதவருக்கு ஏலக்கி வாழைப்பழமும் விதை நீக்கிய பேரீச்சையும் நன்றாகவே வேலை செய்கின்றன. கடலை மிட்டாயை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாய் வறண்ட நேரத்தில் அது பல்லில் ஒட்டும், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும். எதுவானாலும் மூன்று லாங் ரன்னிலாவது தின்று பார்த்திருக்க வேண்டும்.

ஈரத்தில் தோல் உரிவதைப் புதியவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. தொடை இடுக்கு, அக்குள், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டி, இங்கெல்லாம் வாஸ்லின் தாராளமாகத் தடவ வேண்டும். ஆண்களுக்கு மார்க்காம்புகளில் மைக்ரோபோர் டேப், வேர்க்கும் முன்பே ஒட்டினால்தான் பிடிக்கும். பனியன் துணி கூடவே கூடாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் மாற்றி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். ரேஸ் ஷூ புதிதாக இருக்கக் கூடாது, 60, 80 கிலோமீட்டர் ஓடிப் பழகியிருந்தால் நல்லது.

உடல்நலத்தில் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பேர் கேட்டால் விழித்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். தோல் வேர்த்து ஈரமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் ஐஸ் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள், ஐஸ் துண்டுகளை மாற்றி மாற்றிப் போர்த்துங்கள். குளிர்விப்பது முதலில், கொண்டுபோவது பிறகு. டிக்கியில் ஐஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அடுத்தது, ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம். ஐபுபுரூஃபன் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். மூன்றாவது காய்ச்சல். மழைக்காலம் டெங்குவின் காலமும்தான். காய்ச்சலோடு ஓடக் கூடாது, விட்ட பிறகும் டாக்டர் சொல்லாமல் லாங் ரன்னுக்கு வரக் கூடாது.

எந்தெந்த ரேஸ் என்று குழுவாக முடிவெடுக்கும்போது, சென்னை ஃபுல்லையும் மும்பை ஃபுல்லையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஆசையை அடக்குங்கள். மும்பை ஜனவரி மூன்றாம் ஞாயிறு, இடைவெளி இரண்டு வாரம் தேறினால் அதிகம். மும்பைப் பாதையில் திரும்பும்போது பெடர் ரோடு ஏற்றம் வேறு. ஒன்றில் ஃபுல், மற்றதில் ஹாஃப் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக முடியும். ரேஸுக்கு முந்தைய மூன்று வாரத்தில் தூரத்தை முக்கால், பாதி, மூன்றில் ஒன்று என்று இறக்குங்கள். இந்த நாட்களில் இல்லாத முழங்கால் வலியெல்லாம் வரும், பெரும்பாலும் மனசுதான்.

ரேஸ் அன்று ஓட்டத்துக்கு இரண்டரை மணி முன்னால் மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு. நெய்ப் பொங்கல் வேண்டாம். முதல் 10 கிலோமீட்டரைத் திட்டமிட்ட பேஸை விடக் கிலோமீட்டருக்கு 10 நொடி மெதுவாக ஓடுங்கள், இருட்டும் கூட்டமும் வேகத்தை மறைத்துவிடும். வாட்சில் ஒரு பொறி உண்டு. நாலரை மணிக்கு 6:24 பேஸ் என்பது 42.195 கிலோமீட்டருக்கு. பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளந்திருப்பார்கள். வளைவுகளில் விலகியும் தண்ணீர் மேஜைக்கு ஒதுங்கியும் ஓடுபவரின் வாட்ச் கடைசியில் 42.6 காட்டும். 6:24ஐ நொடி பிசகாமல் பிடித்தவரும் 4:32:38க்குத்தான் கோட்டைத் தொடுவார். வாட்சில் 6:20 வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகும். சந்தேகமிருந்தால் சாலையோரக் கிலோமீட்டர் பலகையை நம்புங்கள்.

முடிந்ததும் சந்திக்கும் இடத்தை முதல் நாளே பேசிவையுங்கள், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைத்தால் போன் எடுக்காது. பையில் உலர்ந்த டீ-ஷர்ட், செருப்பு, இருநூறு ரூபாய் நோட்டாக. வேர்வையில் ஊறிய விரலைப் போன் அடையாளம் காணாது, ஆட்டோக்காரருக்கு ஜிபே காட்டிக்கொண்டு நிற்கவும் அப்போது காலில் தெம்பு இருக்காது.